இரு பக்கமும் ஒரே குரல்

ஹாஸ்கெட் வீட்டு ரேடியோவுக்கு நாளுக்கு ஒரு வேளைதான் உயிர். மத்தியானம் சாப்பிட உட்காரும்போது லவீனா அதைத் திருகுவாள். பேட்டரி தீர்ந்தால் நகரத்துக்கு வண்டி கட்ட வேண்டும். அமெரிக்காவில் வயோமிங்கின் அந்தக் கிழக்கு ஓரத்தில் பனிக்காலத்தில் அது நடக்கிற காரியமில்லை. முதலில் ஆட்டு விலை, கம்பளி விலை. பிறகு ஊர்ச்சேதி. 'கரடிமேட்டு ஆட்களுக்கு: அத்தை பிழைத்துக்கொண்டாள், யாரும் வர வேண்டாம்.' 'லோமாக்ஸ் வீட்டுக்கு: மாவு மூட்டை வந்து கிடக்கிறது.' போன் கம்பி எட்டாத மேடுகளில் ரேடியோதான் தபால்காரன்.

அது முடிந்ததும் லைல் டக்கெட் வருவார், பழங்கதை வாசிக்க. எருமை வேட்டைக்காரர்கள், வண்டிப்பாதைச் சண்டைகள், குதிரையை முழுசாக விழுங்கிவிட்டுச் சேணத்தை மட்டும் துப்பிய பாம்பு. புகையிலைச் சாறு ஊறின மாதிரிக் கரகரத்த குரல். அந்தக் குரல் வந்தால் அந்தப் பிரதேசத்தில் கரண்டிச் சத்தம் நின்றுவிடும்.

லவீனாவின் மாமனார் எஸ்ரா மட்டும் பக்கத்து அறைக் கட்டிலில் கிடந்தபடி ரேடியோவோடு சண்டை பிடிப்பார். முடக்குவாதம் காலைத் தின்றுவிட்டது, கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

"பொய்யி! அந்தக் கரடியச் சுட்டப்போ நான் பக்கத்துல நின்னேன். அது கரடியே இல்ல, லோமாக்ஸ் வீட்டுக் கறுப்புக் கன்னுக்குட்டி."

"அப்போ அணைச்சுடவா மாமா?"

"அணைச்சே, எந்திரிச்சு வந்து உதைப்பேன். பொய்ய முழுசாச் சொல்லட்டும்."

நாற்பத்தொன்பதாம் வருஷத்து ஜனவரியில் அன்று காலை வெயில் அடித்தது. கூரையில் நீர் சொட்டியது. இதை நம்பித்தான் லவீனாவின் புருஷன் டெல்மர் ஆடுகளை வெளியே பற்றிக்கொண்டு போனான். புல்போர் பாதிக்கு இறங்கிவிட்டது. காற்று பனியைச் சீவிவிட்ட சமவெளியில் ஒரு வேளை மேய்ந்தாலும் ஒரு வேளைத் தீவனம் மிச்சம். நாய் குட்டி போட்டுக் கொட்டகையில் கிடந்ததால் தனியாகப் போனான். கனத்த கோட்டைக் கூட ஆணியிலேயே விட்டுவிட்டான்.

"மத்தியானத்துக்கு என்ன?" என்று வாசலில் நின்று கேட்டான்.

"அவரைக்கொட்டையும் உப்புப் பன்னிக்கறியும்."

"நேத்தும் அதானே."

"நாளைக்கும் அதான். ஆட்டுக்காரனக் கட்டுனா ஆட்டுக்கறியாவது கெடைக்கும்னு நெனச்சேன். ஒரு கெழட்டு ஆட்ட அடிக்க மனசு வருதா ஒனக்கு?"

"அது பூரா கம்பளி லவீ. கம்பளியத் தின்ன முடியுமா?" சிரித்துக்கொண்டு போனான். வீட்டுக்கும் மேற்கே ஸ்வோபோடா வீட்டுக்கும் நடுவில்தான் அந்தச் சமவெளி. ஸ்வோபோடா பக்கம் போகிற வழியில் ஓடை ஒன்று குறுக்கே கிடக்கும். கரை செங்குத்தாக அறுந்திருக்கும். பனி மூடினால் கரை எது, குழி எது என்று தெரியாது.

அவரைக்கொட்டை ஒரு கொதி வருவதற்குள் ஜன்னல் இருண்டது. வடக்கிலிருந்து பனி சுவர் மாதிரி எழும்பி வந்தது. லவீனா கதவைத் திறந்தாள். கொட்டகை காணோம், வேலி காணோம், படிக்கட்டில் இரண்டாவது படி காணோம். காற்று மேலும் கீழும் கத்தியது. அரைத்த கண்ணாடி மாதிரிப் பனிப்பொடி மூக்கில் ஏறியது.

"என்னா சத்தம் அது?" எஸ்ரா தலையைத் தூக்கினார்.

"புயல், மாமா. டெல்மர் வெளியில இருக்கான்."

கிழவர் கட்டிலோரத் தடியைத் தடவிப் பிடித்தார். பிறகு, "வட்ட அடி," என்றார்.

வாசல் உத்தரத்தில் பழைய கலப்பையின் இரும்பு வட்டு ஒன்று சங்கிலியில் தொங்கும். புயலில் மாட்டிக்கொண்டவனுக்குத் திசை காட்ட ஹாஸ்கெட் வீட்டில் அதை அடிப்பார்கள். மூன்று அடி, ஒரு மூச்சு இடைவெளி, மறுபடி மூன்று. ஸ்வோபோடா வீட்டில் துணி வெளுக்கும் தகரத்தொட்டியை விடாமல் அடிப்பார்கள். லோமாக்ஸ் வீட்டில் மாட்டுக்கொம்பு ஊதுவார்கள். எது எவன் வீடு என்று காட்டில் நிற்கிறவனுக்குத் தெரியும். இரண்டு பனிக்காலத்துக்கு முன்னால்தான் ரேடியோ நிலையம் புதுசாக ஒன்றை ஆரம்பித்தது. புயல் வந்தால் மற்ற நிகழ்ச்சி எல்லாம் நிற்கும். டக்கெட்டின் வாசிப்பு மட்டும் ஓயாமல் ஓடும். ரேடியோவை ஜன்னலில் வைத்து முழுச் சத்தத்தில் விடுங்கள் என்பார்கள். சுத்தியலைப் பிடிக்கக் கை மிச்சமில்லாத வீடுகளுக்கு அது பெரிய உபகாரம்.

லவீனா அடித்தாள். தோள் எரிய எரிய அடித்தாள். அடிக்கிற சத்தத்தைக் காற்று அவள் காதுக்கு வருமுன்னே பிடுங்கிக்கொண்டு போனது. இடையில் உள்ளே ஓடி அடுப்பில் கரி போட வேண்டும். குளிர் தாங்காத கிழவருக்குப் போர்வையைச் சூடாக்க வேண்டும். அவருக்கு மூத்திரச் சட்டி பிடிக்க வேண்டும். ஒரு தடவை உள்ளே போய்த் திரும்பியபோது கைப்பிடியை விரல்கள் பிடிக்க மறுத்தன. சுத்தியல் நழுவிப் படியில் விழுந்து பனிக்குள் போனது. தேடி எடுத்தாள். மறுபடி விழுந்தது.

அப்போதுதான் ரேடியோவைத் தூக்கி ஜன்னல் திண்டில் வைத்தாள். கண்ணாடி ஒன்றைக் கழற்றிவிட்டு, கித்தான் சாக்கை இழுத்துக் கட்டி, நடுவில் வாய்மட்டும் விட்டுத் திருகினாள்.

"வட்ட ஏன் நிறுத்துன?"

"கை விட்டுப்போச்சு மாமா. ரேடியோ வச்சிருக்கேன். அது என்ன விடச் சத்தமாத்தான் கத்தும்."

"அது நம்ம வீட்டுச் சத்தமில்ல."

"சத்தந்தான வேணும்? நீங்க கொஞ்சம் வாய மூடிட்டுப் படுங்க."

டக்கெட் வாசித்துக்கொண்டிருந்தார். சொல் உறைந்த கதை. அந்த வருஷம் அடித்த குளிரில் பேச்செல்லாம் வாயைவிட்டு வந்ததும் உறைந்து கீழே விழுந்ததாம். வண்டிப்பாதைச் சமையல்காரன் காலையில் எல்லார் பேச்சையும் சாக்கில் பொறுக்கி வந்து வாணலியில் போட்டு வாட்டுவானாம். அப்போதுதான் நேற்று ராத்திரி யார் யாரைத் திட்டினார்கள் என்று தெரியுமாம். இது வரைக்கும் சிரிப்பு. பிறகு ஒரு வண்டிக்காரன் வருகிறான். வீட்டு வாசல் தெரிகிற தூரத்தில் வழி தப்பி நின்று, பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறான். கூப்பிட்ட பேர் வாசலைத் தொடவில்லை. பாதியில் உறைந்து விழுந்துவிட்டது. இந்த இடத்தில் டக்கெட் இருமினார், இரண்டு தரம். பிறகு வாசித்தார்: 'பனி இளகிய மாதத்தில் அந்தப் பெண் துணி காயப்போட வெளியே வந்தாள். யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.'

லவீனா ரேடியோவை முறைத்தாள். வேறு கதையே கிடைக்கவில்லையா இந்த மனுஷனுக்கு?

வேறு கதைகளும் வந்தன. பாம்பு வந்தது, கரடி வந்தது. பிறகு மறுபடி அதே கதை வந்தது. அதே சமையல்காரன், அதே சாக்கு. அதே இடத்தில் அதே இருமல், இரண்டு தரம்.

"ஏம்மா, இவனுக்குக் கதை தீந்துபோச்சா?" என்றார் எஸ்ரா. "இருமல் கூடவா மனப்பாடம்?"

லவீனா மாவு டப்பாவைத் திறந்தாள். ரொட்டி மாவைப் பிசைந்தாள். சாப்பிட ஆள் வருவான் என்று பிசைந்தாள். பிசையாமல் நின்றால் வரமாட்டான் என்று தோன்றியது. கெட்டில் கொதித்து வற்றியது, மறுபடி பனியை அள்ளிப் போட்டாள். ஜன்னலில் ரேடியோ மூன்றாம் தரம் அந்தக் கதையை ஆரம்பித்தபோது கதவில் ஏதோ மோதியது. தட்டல் இல்லை. மூட்டை விழுகிற மாதிரி.

திறந்தாள். உள்ளே சரிந்த உருவத்துக்கு முகம் இல்லை. மூச்சும் கண்ணீரும் உறைந்து நெற்றியிலிருந்து தாடை வரை ஒரே பனி ஓடு. அவள் அக்குளில் கை கொடுத்து அடுப்புப் பக்கம் இழுத்தாள்.

"டெல்மர்! டெல்மர், பேசு! மூச்சு விடு!"

இரண்டு உள்ளங்கையாலும் கண்ணை மூடிச் சூடு கொடுத்தாள். ஓடு விரிந்தது. வாய் இருந்த இடத்தில் ஒரு பிளவு தெரிந்தது. அதற்குள்ளிருந்து குரல் வந்தது.

"கதவச் சாத்துங்கம்மா."

லவீனா கையை எடுத்துவிட்டாள். ஜன்னலில் அந்தக் குரல், சமையல்காரன் சாக்கைத் தோளில் போட்டான் என்றது. தரையில் அந்தக் குரல், "காலு தெரியல எனக்கு, காலு இருக்கா பாருங்க," என்றது.

பக்கத்து அறையிலிருந்து எஸ்ரா கத்தினார்: "லவீனா! எனக்கு ரெண்டு டக்கெட் கேக்குது! கண்ணு போயி இப்போ காதும் போச்சா?"

"போகல மாமா," என்றாள். அவள் குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "ரெண்டு பேரு இருக்காங்க."

தரையில் கிடந்தவர் டக்கெட்தான். ரேடியோக்காரர்கள் விளம்பரத்தில் வரைந்து போடுகிற மாதிரி உயரமும் இல்லை, மீசையும் இல்லை. சப்பை மூக்கும் நகரத்து ஷூவுமாகச் சின்ன உருவம். பாதத்தைப் பனியால் தேய்க்கச் சொல்லிக் கட்டிலிலிருந்தே எஸ்ரா உத்தரவு போட, லவீனா தேய்த்தாள். நாற்காலியில் தூக்கி உட்காரவைத்துக் காப்பியை வாயில் ஊற்றினாள். பற்கள் கோப்பையில் தந்தியடித்தன.

"வாசிக்கிறது யாரு அங்க?" என்று ஜன்னலைக் காட்டினாள்.

"நாந்தான். ஊர்ல இல்லாதப்போ போடறதுக்கு ரெக்கார்டுல பேசி வச்சிருந்தேன். நிலையத்துல இருக்கறவன் அதத்தான் மாத்தி மாத்திப் போடறான் போல. லோமாக்ஸ் வீட்டுப் பெரியவர்கிட்டக் கதை கேக்க நேத்து வந்தேன். திரும்பறப்போ கார் மாட்டிக்கிச்சு. உக்காந்திருக்கணும். எறங்கி நடந்தது என் புத்தி."

"எங்க வீட்டு ரேடியோவக் கேட்டா வந்தீங்க?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். ஜன்னல் பக்கம் பார்க்காமல் பேசினார்.

"மொதல்ல முன்னாடி கேட்டுது. என் குரலு. சாமி கண்ணத் தொறந்துட்டாருன்னு அதப் பாத்து நடந்தேன். கொஞ்ச நேரத்துல பின்னாடி கேட்டுது. அதே கதை, அதே வரி. திரும்பி நடந்தா மறுபடி பின்னாடி. ரெண்டு பக்கமும் நானே நின்னு கூப்பிடறேன். எத்தன தடவ திரும்பினேன்னு தெரியாது. காத்து ஒரு தடவ அறைஞ்சு தள்ளுச்சு, எந்திரிக்கறப்போ இந்தப் பக்கம் மூஞ்சி இருந்துது. அவ்வளவுதான். வந்தேன்னு சொல்ல முடியாது, விழுந்தேன்."

"இன்னொரு பக்கம் ஸ்வோபோடா வீட்டு ரேடியோ," என்றாள் லவீனா மெதுவாக. மாவு ஒட்டிய கை அப்படியே நின்றது. "அங்கயும் ஜன்னல்ல வச்சிருக்காங்க."

அது அவளுக்கு விளங்கியதும், அடுத்ததும் விளங்கிவிட்டது. அந்த இரண்டு குரலுக்கும் நடுவில்தான் டெல்மர்.

"வழியில யாரையாவது பாத்தீங்களா? ஆடுங்க? ஒரு ஆளு?"

டக்கெட் கோப்பையை எடுத்து அடியைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"ஆடுங்கள மிதிச்சேன். குமிஞ்சு நின்னுதுங்க. நடுவுல ஒருத்தர் நின்னார்மா. ரொம்பக் கிட்டத்துல. கை நீட்டுனா தொட்டிருக்கலாம். தலைய இந்தப் பக்கம் திருப்புவார், அந்தப் பக்கம் திருப்புவார். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். கடிகாரப் பெண்டுலம் மாதிரி. 'ஐயா, இங்க, இங்க பாருங்க'ன்னு கூப்பிட்டேன்."

"அப்புறம்?"

"என்னப் பாக்கலம்மா. என் குரலக் கேட்டுட்டு, இன்னொரு தெசையில திரும்பி ஒரு எட்டு வச்சார், பனியில மறைஞ்சுட்டார். நான் பேசுனத ரேடியோன்னு நெனச்சுட்டார். மூணாவது ரேடியோன்னு."

அடுப்பில் கரி ஒன்று உடைந்து விழுந்தது. ஜன்னலில் டக்கெட் இருமினார், இரண்டு தரம். நாற்காலியில் இருந்த டக்கெட்டுக்கும் இருமல் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டார்.

லவீனா எழுந்து ரேடியோவிடம் போனாள்.

"அணைக்காத!" எஸ்ரா கத்தினார். "பொண்ணே, யோசிச்சுச் செய்யி. நீ அணைச்சா ஸ்வோபோடா வீட்டுக் குரல் மட்டுந்தான் நிக்கும். அதப் பாத்து நடப்பான். நடுவுல ஓடை. பனி கரையத் தாண்டி உதடு மாதிரித் தொங்கிட்டு இருக்கும். கால வச்சான்னா உள்ள போயிருவான்."

"அணைக்கலன்னா நின்ன எடத்துலயே கட்டையாப் போயிருவான் மாமா. இவர் சொன்னதக் கேட்டீங்கல்ல? தலையத் திருப்பிக்கிட்டே நிக்கிறானாம்."

"கேட்டேன்." கிழவர் குரல் உடைந்தது. "என் மவன் வேலியில்லாத காட்ல நிலாவப் பாத்து வீட்டுக்கு வந்தவன். இந்தப் பய குரலு அவன பொம்மையாக்கிருச்சே."

டக்கெட் ஏதோ சொல்ல வாயெடுத்தார். லவீனா மாவுக் கையை நீட்டினாள்.

"நீங்க வாயத் தொறக்கப்படாது, மிஸ்டர் டக்கெட். மெதுவாக்கூடப் பேசப்படாது. ஒங்க குரல் இந்த வீட்லேருந்து வெளிய போகப்படாது."

திருகினாள். 'யாரோ பேர் சொல்லி' என்ற இடத்தில் குரல் அறுந்தது. இவ்வளவு நேரமும் குரலுக்குப் பின்னால் ஒளிந்திருந்த காற்று அப்படியே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

சுத்தியலைக் கையோடு சேர்த்துத் துணியால் கட்டச் சொன்னாள். டக்கெட் பேசாமல் கட்டினார். டெல்மரின் கனத்த கோட்டை ஆணியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு படியில் நின்றாள்.

மூன்று அடி. ஒரு மூச்சு. மூன்று அடி.

அவனுக்கு இப்போது ஒரு பக்கம் கதை கேட்கும், ஒரு பக்கம் இரும்பு கேட்கும். கதை இதமாகக் கூப்பிடும். இரும்பு கூப்பிடாது, வெறுமனே அடிக்கும். அவன் எந்தப் பக்கம் திரும்புவான்? திட்டிக்கொண்டே அடித்தாள். கோட்டை விட்டுப் போன மடையனே என்று மூன்று. ஆட்டுக்கறிக்கா ஒன்னக் கட்டிக்கிட்டேன் என்று மூன்று. இமை ஒட்டிக்கொண்டது, பிரிக்கவில்லை. கண்ணால் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. உள்ளே எஸ்ரா கட்டில் சட்டத்தில் தடியால் அதே கணக்கில் அடிப்பது பலகை வழியாகக் காலில் தெரிந்தது. அது யாருக்கும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் கிழவர் நிறுத்தவில்லை.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டு வந்தது. மூன்றாவது அடியை ஓங்கி வைத்தாள்.

வட்டு ஒலிக்கவில்லை.

மரத்தில் அடித்த மாதிரி ஒரு மொத்து. மறுபடி அடித்தாள். மொத்து. அவள் கட்டாத கையை நீட்டி வட்டைத் தடவினாள். விளிம்பை ஒரு கை பிடித்திருந்தது. பனி ஓடு மூடிய கை, இரும்போடு ஒட்டி, விறைத்து.

"இது யார் வீடு?" என்று இருட்டுக்குள்ளிருந்து டெல்மர் கேட்டான்.

அவனுக்குப் பின்னால் படியைச் சுற்றி ஆடுகள் மூக்கில் பனிக்கட்டி தொங்க நின்றன. ஒன்றும் கத்தவில்லை.

கெட்டில் தண்ணீரை ஆற்றி ஊற்றித்தான் கையை வட்டிலிருந்து பிரிக்க முடிந்தது. விரல் நுனித் தோல் இரும்பிலேயே தங்கிவிட்டது. அடுப்படியில் உட்காரவைத்து, பூட்ஸை அறுத்து எடுத்தார்கள். கிழவர், "வந்துட்டானா? டேய், வந்துட்டியா? என் பக்கம் வந்து திட்டு வாங்கிட்டுப் போடா," என்று கட்டிலில் இருந்து அழுதார். டெல்மர் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது. டக்கெட்டுக்கு மனசு தாங்கவில்லை. இந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று நினைத்துவிட்டார்.

"தெய்வம் காப்பாத்திருச்சு தம்பி."

டெல்மர் எழுந்தான். அறுந்த பூட்ஸும் புண்ணான காலுமாக எழுந்து, கதவை நோக்கி நடந்தான். தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டான். லவீனா இடுப்பைக் கட்டி இழுத்துத் தரையோடு சாய்க்க வேண்டியிருந்தது. அவன் அவளைத் தள்ளவில்லை. தலை மட்டும் இந்தப் பக்கம் திரும்பியது, அந்தப் பக்கம் திரும்பியது.

பாதை திறக்கிற வரைக்கும் டக்கெட் அந்த வீட்டில் ஊமையாக இருந்தார். உப்பு வேண்டுமென்றால் விரலைக் காட்டினார். கரி சுமந்தார், பாத்திரம் தேய்த்தார், செத்த ஆடுகளை லவீனாவோடு சேர்ந்து இழுத்துப் போட்டார். எஸ்ராவுக்குப் பழைய பகை தீர்க்க இதைவிட நல்ல சமயம் வாய்க்கவில்லை.

"அந்தக் கரடி கன்னுக்குட்டிதான்னு ஒத்துக்கோ. ஒத்துக்கிட்டா தலையாட்டு. எனக்குக் கண்ணு தெரியாது, லவீனா பாத்துச் சொல்லுவா."

"ஆட்டிட்டார் மாமா."

"ஊர் பூராவும் பேசுன வாய்க்கு எங்க வீட்ல பூட்டு. ம்ம்."

டக்கெட் சிரித்தார், சத்தமில்லாமல். டெல்மர் தன் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தபடி சாப்பிட்டான். லவீனா ஊட்டினாள். விரல்களில் இரண்டு கறுத்துவிட்டன. அதைவிட அவளை உறுத்தியது வேறு. முதுகுப் பக்கமிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. முன்னால் வந்து, உதடு அசைவதைக் காட்டிப் பேசினால்தான் பதில் வரும்.

காற்று ஓய்ந்து வானம் வெளுத்த ஒரு நாள் ஸ்வோபோடா காலில் பலகை கட்டிப் பனிமேல் சறுக்கிக்கொண்டு வந்தார். அகலமான மனுஷர், வாசலில் நின்றால் வெளிச்சம் போய்விடும். ஆள் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு டெல்மரின் தோளில் ஓர் அறை விட்டார்.

"சாவலையா நீ? வீட்ல எம் பொண்டாட்டி மிலாடா கேக்குக்கு மாவு சலிச்சுட்டா, எழவு வீட்டுக்குக் கொண்டு போக. இப்போ அத நானே திங்கணும்."

"ஒங்க ரேடியோதான் என் புருஷனக் கொல்லப் பாத்துச்சு," என்றாள் லவீனா, பாதி விளையாட்டாக. காப்பியை வைத்தாள். "ரெண்டு வீட்லயும் ஒரே குரல் கத்தினா மனுஷன் எங்க போவான்? அடுத்த புயலுக்கு நீங்க தொட்டியவே அடிங்க. நாங்களும் வட்டத்தான் அடிப்போம்."

ஸ்வோபோடா கோப்பையை ஊதினார். "என்ன ரேடியோ?"

"ஜன்னல்ல வச்சது."

"எங்கம்மா வச்சோம்? பேட்டரி கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. அலமாரி மேல ஊமையாக் கெடக்குது, மிலாடா அதுமேல பூஜாடி வச்சுட்டா. அன்னைக்குப் பூரா தொட்டிதான் அடிச்சா பாவம். கை வீங்கிப்போச்சு அவளுக்கு."

மூலையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த டக்கெட்டின் கை நின்றது. அவர் லவீனாவைப் பார்த்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து முதல் தரமாக அவருக்குப் பேச ஒன்றும் இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"தொட்டிச் சத்தம் கேட்டுச்சா ஒனக்கு?" என்று ஸ்வோபோடா டெல்மரிடம் கேட்டார், நேராக முகத்தைப் பார்த்து.

"இல்ல," என்றான் டெல்மர். "ஓடைப் பக்கம் கதைதான் ஓடிச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "நம்ம பக்கம் கதை நின்னதுக்கப்புறமும் அங்க ஓடிச்சு."

டக்கெட் நகரத்துக்குப் போனார். அடுத்த வாரத்திலிருந்து மத்தியானத்தில் வேறு யாரோ பாட்டுப் போட்டார்கள். கதை வரவில்லை. எஸ்ரா ஒரு மாதம் வைது பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஏப்ரலில் பனி இளகியது. மேடுகளில் மண் கறுப்பாகத் தெரிந்தது. ஓடையில் நீர் பனிக்கடியில் முனகிக்கொண்டு ஓடியது. புயலில் செத்த ஆடுகள் கரையோரம் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிவந்தன. செத்த ஆட்டிலிருந்து கம்பளி பிடுங்குவது அந்த மாதத்து வேலை. நாற்றத்துக்கு மூக்கில் கற்பூரத் தைலம் தடவிக்கொண்டு, வயிற்றுப் பக்கமிருந்து இழுத்தால் கொத்துக்கொத்தாக வரும். விலை பாதிதான். ஆனால் விட்டுவைக்க முடியாது. லவீனா ஒரு கரையில் பிடுங்கினாள். டெல்மர் மூன்று விரல் உள்ள கையாலும் முழுக்கையாலும் கொஞ்சம் தள்ளி, தொங்கும் பனிவிளிம்புக்குக் கீழே குனிந்து பிடுங்கினான். வாளியில் குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தார்கள். வெயில் நன்றாக ஏறியிருந்தது.

டெல்மர் நிமிர்ந்தான். கையில் கம்பளி. தலை பனிவிளிம்புப் பக்கம் திரும்பியது.

"என்ன?" என்றாள்.

அவன் கேட்கவில்லை. அவள் காதைத் தீட்டினாள். தண்ணீர். தண்ணீர்தான். பனிக்குள் குழி விழுந்து நீர் இறங்கும்போது கரகரவென்று அப்படித்தான் கேட்கும். புகையிலைச் சாறு ஊறின மாதிரி. நடுவில் அது நின்றது. இரண்டு தரம் எதையோ கக்கிவிட்டு மறுபடி ஓடியது.

"டெல்மர்! அங்கேருந்து வா! விளிம்பு விழும்!"

அவன் அந்தப் பக்கம் ஓர் எட்டு வைத்தான்.

பேர் சொல்லிப் பிரயோசனமில்லை. லவீனா வாளியைக் கவிழ்த்தாள், மண்வெட்டிக் காம்பை எடுத்தாள். ஓங்கி அடித்தாள். டெல்மர் நின்றான். இரண்டாவது அடித்தாள். திரும்பினான், அவளைப் பார்த்தான், முகத்தில் ஒரு தெளிவு வந்தது, அவள் பக்கம் நடந்தான். அவள் மூன்றாவதுக்குக் காம்பை ஓங்கினாள்.

மூன்றாவது அடி பனிக்குள்ளிருந்து வந்தது. தெளிவாக, இரும்பாக, நீண்டு அதிர்ந்து. அவர்கள் வீட்டு வட்டு, புயலன்று அவள் அடித்த அதே சத்தம்.

காம்பு அவள் தலைக்கு மேலேயே நின்றது. டெல்மர் பாதி வழியில் நின்றுவிட்டான். தலை அந்தப் பக்கம் திரும்பியது. இந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம்.

லவீனா காம்பை வீசினாள். அடிக்கவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. முழங்கால் வரை சேற்றில் புதையப் புதைய, செத்த ஆடுகளை மிதித்துக்கொண்டு ஓடினாள். போய் அவன் கையைப் பிடித்தாள், விரல் குறைந்த கையை, கம்பளியோடு சேர்த்து. பிடித்த பிடியில் அவனை மேட்டுக்கு இழுத்தாள். கன்றுக்குட்டி மாதிரிப் பின்னால் வந்தான். வீடு தெரிகிற இடம் வந்த பிறகும் அவள் விடவில்லை. பின்னால் ஓடையில் மறுபடி மூன்று அடி கேட்டது, ஒரு மூச்சு இடைவெளி விட்டு இன்னும் மூன்று. யாரோ கை ஓயாமல் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கேக்குதா?" என்றான் டெல்மர்.

"நட," என்றாள்.